தழும்புக்குப் பக்கத்தில் திரும்ப வந்த கட்டி: ரிப்போர்ட்டில் டி.எஃப்.எஸ்.பி. என்று இருக்கிறது

மல்லிப்பந்தல்:

வணக்கம். என் அண்ணனுக்கு 34 வயது. இடது தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே, மார்புப் பக்கமாக ஒரு தடிப்பு ரொம்ப வருடமாக இருந்தது. வலி கிடையாது, அரிப்பு கிடையாது. சின்ன வயதில் கொப்புளம் வந்து ஆறிய தழும்பு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். மூன்று வருடத்துக்கு முன்னால் அது கொஞ்சம் மேடாகி, பனியன் உரசுகிறது என்று பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினார். கொழுப்புக் கட்டிதான் என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

போன தீபாவளி சமயத்தில் அந்தத் தையல் தழும்பை ஒட்டியே இரண்டு முண்டு எழும்பிவிட்டது. ஒன்று சுண்டைக்காய் அளவு, இன்னொன்று அரை நெல்லிக்காய். மேலே தோல் பளபளப்பாக, செம்பழுப்பாக இருக்கிறது. இந்த முறை தோல் மருத்துவரிடம் போனோம். அவர் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்த உடனே பயாப்ஸி எழுதிவிட்டார்.

ரிப்போர்ட்டில் ஸ்பிண்டில் செல், ஸ்டோரிஃபார்ம், சிடி34 பாசிட்டிவ் என்றெல்லாம் எழுதி, கடைசியில் டெர்மட்டோஃபைப்ரோசார்க்கோமா புரோட்டுபரன்ஸ், சுருக்கமாக டி.எஃப்.எஸ்.பி., என்று போட்டிருக்கிறார்கள். சார்க்கோமா என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அடுத்த வாரம்தான் அறுவை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். அதற்குள் இந்தச் சொற்களுக்கு யாராவது அர்த்தம் சொன்னால் உதவியாக இருக்கும்.


ஸ்லைடுப்பெட்டி:

முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். நான் நோய்க்குறியியல் மருத்துவர், தினமும் மைக்ரோஸ்கோப்போடுதான் வேலை. சார்க்கோமா என்றால் தசை, கொழுப்பு, நார் மாதிரியான திசுக்களில் வருகிற புற்றுநோய். அந்தப் பெயர் இருந்தாலும் இது அந்தக் குடும்பத்திலேயே மெதுவாக நடக்கிற ஒன்று. வேறு உறுப்புக்குப் பரவுவது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. இதன் தொல்லை வேறு மாதிரி: முழுவதும் எடுக்காவிட்டால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். 1924இல் பிரான்சில் டாரியரும் ஃபெராங்கும் இதை விவரித்தபோதே ‘வளர்ந்துகொண்டே போகிற, திரும்ப வருகிற’ தோல் நார்க்கட்டி என்றுதான் பெயர் வைத்தார்கள். இப்போதைய நீளப் பெயர் அடுத்த வருடம் ஹாஃப்மன் கொடுத்தது. புரோட்டுபரன்ஸ் என்றால் புடைத்து நிற்பது. பல வருடம் தட்டையாகவே கிடந்து, அப்புறம்தான் முண்டு முண்டாகப் புடைக்கும். உங்கள் அண்ணனுக்கு நடந்ததும் அதுதான்.

இது அபூர்வமான கட்டி. அமெரிக்கக் கணக்குப்படி பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு ஏறக்குறைய நாலு பேருக்கு வருகிறது. ஒரு குடும்ப மருத்துவர் தன் வாழ்நாளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் போகலாம்.

இனி உங்கள் சொற்கள். ஸ்பிண்டில் செல் என்றால் தறியில் ஓடுகிற நாடா மாதிரி, நடுவில் பருத்து இரண்டு முனையும் கூர்ந்த செல். ஸ்டோரிஃபார்ம் என்பது லத்தீனில் பாயைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. ஸ்லைடை வைத்துக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால், கோரைப்பாயைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்த மாதிரியே இருக்கும். கொஞ்சம் செல்கள் ஒரு பக்கமாக ஓடும், அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இன்னொரு கற்றை போகும், நடுநடுவே வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஒரு புள்ளியிலிருந்து விரியும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் செல்கள் எல்லாம் ஒரே அச்சாக, அமைதியாக இருக்கும். உட்கருக்கள் மெலிந்து நீண்டிருக்கும், பிரிந்துகொண்டிருக்கிற செல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பார்த்தால் சாது. அனுபவம் இல்லாதவர் ஏமாறுகிற இடம் அதுதான்.

ஆனால் ஸ்லைடைக் கீழே நகர்த்திக் கொழுப்பு அடுக்குக்குப் போனால் அதன் குணம் தெரிந்துவிடும். கொழுப்புச் செல்கள் வெள்ளை வட்டங்களாகத் தெரியும். கட்டி அவற்றை ஒதுக்கித் தள்ளாமல், ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றி மெல்லிய இழையாகப் புகுந்து போயிருக்கும். தேன்கூடு மாதிரி. கையில் தொட்டால் கட்டி ஒரு இடத்தில் முடிந்த மாதிரி இருக்கும், ஆனால் இந்த இழைகள் அதைத் தாண்டி ஓடியிருக்கும். தொட்டுத் தெரிகிற அளவுக்கு மட்டும் எடுத்தால் இழை உள்ளேயே தங்கிவிடும், மூன்று வருடத்தில் திரும்ப வந்து நிற்கும்.

சிடி34 என்பது செல்லின் மேல் இருக்கிற ஒரு புரதம். அதற்கான சாயத்தைப் போட்டால் இந்தக் கட்டி முழுக்கப் பழுப்பாகும். ரத்தக் குழாயின் உட்சுவரும் பழுப்பாகும், சாயம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறதா என்பதற்கு நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.


வேப்பங்கொழுந்து:

தோல் மருத்துவர். ஸ்லைடுப்பெட்டி மேடம் உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டார், நான் வெளியே தெரிவதைச் சொல்கிறேன்.

//இரண்டு விரலால் பிடித்துப் பார்த்த உடனே பயாப்ஸி எழுதிவிட்டார்//

அந்த மருத்துவர் செய்தது மிகச் சரி. கொழுப்புக் கட்டி தோலுக்கு அடியில் இருக்கும். மேலே தோலைத் தனியாகக் கிள்ளி எடுக்கலாம், ஓரத்தை அழுத்தினால் கட்டி விரலுக்கு அடியில் நழுவும். டி.எஃப்.எஸ்.பி.யில் தோலே கட்டி. பிடித்தால் தோலோடு சேர்ந்து ஒரு பலகை மாதிரி வரும், மேலே இருக்கிற தோலைத் தனியாகக் கிள்ளவே முடியாது. ஆரம்பக் கட்டத்தில் மொத்தப் பலகையும் அடியில் இருக்கிற தசைமேல் நகரும். இந்த ஒரு சோதனைக்குக் கருவி வேண்டாம், செலவு கிடையாது, பத்து விநாடி போதும். இதை மட்டும் எல்லோரும் செய்தால் கொழுப்புக் கட்டி என்ற பெயரில் எடுக்கப்படுவதில் பாதித் தவறு குறையும் என்று மனதார நம்புகிறேன்.

கெலாய்டோடு (காயம் ஆறிய பிறகு மேடாக வளர்கிற தழும்பு) குழப்பமும் உண்டு, முக்கியமாக மார்பில், தோளில். கெலாய்டு பெரும்பாலும் அரிக்கும், வலிக்கும், அதற்கு முன்னால் அங்கே ஒரு காயமோ பருவோ இருந்திருக்கும். காயமே இல்லாத இடத்தில் தழும்பு ஒன்று வருடக்கணக்காக அகலமாகிக்கொண்டே போனால் சந்தேகப்பட வேண்டும். சிலருக்கு இது மேடாகக்கூட இருக்காது, உள்வாங்கிக் குழிந்து கிடக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். கர்ப்ப காலத்தில் திடீரென்று பெரிதாவதும் உண்டு.

டெர்மட்டோஃபைப்ரோமா என்று ஒன்று இருக்கிறது. பெயரில் பாதி ஒன்று, ஆனால் சாதாரணக் கட்டி. பெரும்பாலும் காலில், மிளகு அளவில் வரும். இரண்டு பக்கமும் அழுத்தினால் நடுவில் குழி விழும்.


குட்டித்திருவள்ளி:

தோல் பிரிவில் முதுநிலை படிக்கிறேன். ஒரு சந்தேகம் மேடம். டெர்மட்டோஃபைப்ரோமாவிலும் பாய்ப் பின்னல் தெரிகிறதே? பஞ்ச் பயாப்ஸியில், அதாவது குழாய்க் கத்தியால் எடுக்கிற சின்னத் துண்டில், எப்படிப் பிரிப்பது?


ஸ்லைடுப்பெட்டி:

நல்ல கேள்வி, என்னையே ஒருமுறை தடுக்கி விழவைத்த கேள்வி.

டெர்மட்டோஃபைப்ரோமாவில் மேல்தோல் தடித்து, சற்றுக் கறுத்து, அடியில் விரல் விரலாக நீண்டிருக்கும். டி.எஃப்.எஸ்.பி.யில் மேல்தோல் சும்மா கிடக்கும், அல்லது இழுபட்டு மெலிந்திருக்கும். முதலாவதில் பல வகைச் செல்கள் கலந்திருக்கும்: நுரைச் செல்கள், பல உட்கரு உள்ள பெரிய செல்கள், பழைய ரத்தக்கசிவின் இரும்புத் துகள். ஓரத்தில் தடித்த கொலாஜன் (தோலின் நார்ப் புரதம்) உருண்டைகளைச் செல்கள் வளைத்துப் பிடித்திருக்கும். இரண்டாவதில் இந்தக் கலவை கிடையாது, எங்கே பார்த்தாலும் ஒரே செல். சாயத்தில் ஃபேக்டர் 13ஏ என்ற புரதம் முதலாவதில் ஏறும், சிடி34 ஏறாது. இரண்டாவதில் நேர்மாறு. ஆனால் சாயத்தை மட்டும் நம்பிவிடாதே. செல் நெருக்கமான டெர்மட்டோஃபைப்ரோமாவின் ஓரத்தில் சிடி34 கொஞ்சம் ஏறும்.

நான் தவறவிட்டது இதனால் அல்ல. எனக்கு வந்த துண்டு 3 மி.மீ. அகலம், மேலாப்பாக எடுத்தது, கொழுப்பே இல்லை. விண்ணப்பத் தாளில் ‘முடிச்சு, முதுகு’ என்று இரண்டே சொல். வயது இருந்தது, எத்தனை வருடம், எவ்வளவு அகலம் எதுவும் இல்லை. நான் டெர்மட்டோஃபைப்ரோமா என்று எழுதினேன். ஒன்றரை வருடம் கழித்து அதே நோயாளியின் முழுக் கட்டி வந்தபோது 7 செ.மீ. இருந்தது. அந்தப் பழைய ஸ்லைடை இன்னும் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதிலிருந்து, கொழுப்பு வரை இல்லாத துண்டு வந்தால் ரிப்போர்ட்டில் ‘கட்டியின் அடிப்பக்கம் இதில் இல்லை, ஆழமாக எடுத்து அனுப்பவும்’ என்று எழுதாமல் கையெழுத்துப் போடுவதில்லை.


கத்திமுனை:

பொது அறுவை மருத்துவர், சிறு நகரம். இங்கே எல்லோரும் சொல்வது சரிதான், ஆனால் இந்தப் பக்கத்தையும் பாருங்கள். கை நிறையக் கொழுப்புக் கட்டியோடு வருகிறவர்கள் உண்டு. பத்து எடுக்கிறேன், பத்தும் மஞ்சளாக உருண்டு வெளியே வந்து விழுகிறது. பரிசோதனைக்குத் தனிக் காசு. ‘கொழுப்புதான்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் எதுக்கு டாக்டர்’ என்று கேட்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவரிடம் நான் எப்படிக் கட்டாயப்படுத்துவது?


ஸ்லைடுப்பெட்டி:

//பத்தும் மஞ்சளாக உருண்டு வெளியே வந்து விழுகிறது//

அப்படி விழுந்தால் உங்களோடு சண்டைக்கு வர மாட்டேன் சார். நான் சொல்வது மற்றதை. தோலோடு ஒட்டியிருப்பது, ஏற்கெனவே எடுத்து மறுபடி வந்தது, உறை இல்லாமல் பிய்த்து எடுக்க வேண்டியிருப்பது. வெளியே எடுத்த பிறகு மேஜை மேலேயே நடுவில் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். உள்ளே வெண்ணெய் மாதிரி மஞ்சள் இல்லாமல் சாம்பல் கலந்த வெள்ளையாக, கெட்டியாக இருந்தால், அது எந்தக் காரணத்தாலும் குப்பைக்குப் போகக் கூடாது. காசு இல்லை என்றால் ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கிற திரவம்) போட்டு வைத்துவிட்டு, பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். முதல் முறை சரியாக எடுத்தால் ஒரே அறுவை. அந்தத் தங்கையின் அண்ணனுக்கு இப்போது பழைய தழும்பையும் சேர்த்து, தோல் ஒட்டு வைக்கிற அளவுக்கு எடுக்க வேண்டிவரலாம். அந்தச் செலவை யார் தாங்குவது?


கத்திமுனை:

வெட்டிப் பார்ப்பதை ஒப்புக்கொள்கிறேன். நாளையிலிருந்தே செய்யலாம். எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும் என்பதில்தான் எனக்கு இன்னும் தயக்கம்.


மைக்ரோடோம்:

ஆய்வகத்தில் 19 வருடமாகத் திசு வெட்டுகிறேன். அனுப்புவது என்று முடிவு செய்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கட்டியை வாய் குறுகிய பாட்டிலில் திணித்து அனுப்பாதீர்கள். போகும்போது மிருதுவாக இருக்கும், வழுக்கிக்கொண்டு போய்விடும். ஃபார்மலினில் ஒரு இரவு இறுகிய பிறகு வெளியே வராது. பாட்டிலை உடைத்து எடுத்த நாட்கள் உண்டு. வாய் அகன்ற டப்பா, திசுவின் அளவைப்போலப் பத்து மடங்கு 10% ஃபார்மலின். சலைனில் (உப்பு நீரில்) வேண்டாம், வெறுமனே துணியில் சுற்றியும் வேண்டாம், செல் எல்லாம் கெட்டுப்போய்விடும்.

அப்புறம், மேல்பக்கத்தில் ஒரு நூல், பக்கவாட்டில் நீளமாக ஒரு நூல் போட்டுத் திசையை எழுதி அனுப்புங்கள். நாங்கள் வெட்டுவதற்கு முன்னால் ஓரம் முழுக்க மை தடவுவோம். டாக்டர் ஸ்லைடில் பார்க்கும்போது, மைக்கும் கட்டிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளப்பார். மை மேலேயே கட்டி இருந்தால், உள்ளே மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பக்கத்தில் மிச்சம் என்று சொல்ல எங்களுக்கு அந்த நூல்தான் வழி. நூல் இல்லாமல் வருகிற துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பது ரொம்ப வேதனையான வேலை.


இமைநிழல்:

கண் மருத்துவர். தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், ஆனால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எங்கள் துறையிலும் இதே கதை நடக்கிறது, அதுவும் இந்தியாவில் அதிகமாக.

இமைக்குள் எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டு கலேசியான் என்ற சாதாரணக் கட்டி வரும். சுரண்டி எடுத்தால் போய்விடும். 60 வயதைத் தாண்டிய ஒருவருக்கு மேல் இமையில் ஒரே இடத்தில் இரண்டாவது முறை, மூன்றாவது முறை வந்தால் அது கலேசியானாக இல்லாமல், எண்ணெய்ச் சுரப்பியின் புற்றுநோயான செபேசியஸ் கார்சினோமாவாக இருக்கலாம். அந்த இடத்தில் இமைமுடி கொட்டியிருக்கும், இமையின் ஓரம் தடித்து மஞ்சளாக இருக்கும். சிலருக்குக் கட்டியே தெரியாது, ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்திருக்கும், சொட்டு மருந்துக்குக் கேட்காது. மேலை நாடுகளில் இமைப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் மேல்தோலின் அடியடுக்கில் தொடங்குகிற பேசல் செல் வகைதான், அதனால் பாடப் புத்தகத்தில் இதை ‘அபூர்வம்’ என்று போட்டிருக்கும். நம் நாட்டுக் கண் மருத்துவமனைகளில் அது பேசல் செல் வகைக்குச் சமமாக, சில இடங்களில் அதற்கு மேலாகவும் வருகிறது. அந்த ஒரு சொல்லை நம்பி நாம் அலட்சியமாக இருக்கக் கூடாது.

சுரண்டியதை அப்படியே துடைத்துப் போடுவது பல இடங்களில் பழக்கம். இரண்டாவது முறை வந்தால் கட்டாயம் அனுப்புங்கள்.


ஸ்லைடுப்பெட்டி:

இமைநிழல் டாக்டர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அனுப்பும்போது விண்ணப்பத்தில் ‘செபேசியஸ் சந்தேகம்’ என்று எழுதிவிடுங்கள். அந்தச் செல்களுக்குள் கொழுப்புத் துளிகள் நிறைந்து நுரை மாதிரி இருக்கும், அந்தத் துளிகள் உட்கருவையே அமுக்கிப் பள்ளம் விழவைத்திருக்கும். ஆனால் நாங்கள் வழக்கமாகத் திசுவை ஆல்கஹாலிலும் சைலீனிலும் போடுகிறோம், அதில் கொழுப்பு கரைந்து போய்விடும். கொழுப்பையே சாயமேற்றிக் காட்ட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் உறையவைத்து வெட்ட வேண்டும். இப்போது அடிப்போஃபிலின் என்ற இம்யூனோ சாயம் இருப்பதால் வழக்கமான மெழுகு பிளாக்கிலேயே பார்க்க முடிகிறது. இன்னொன்று, இந்தச் செல்கள் இமையின் உள்தோலில் தனித்தனியாகச் சிதறி ஏறியிருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற இடத்திலும் இருக்கும். அதனால்தான் பல இடங்களில் சின்னச் சின்னத் துண்டு எடுத்து வரைபடம் மாதிரிக் குறித்து அனுப்பச் சொல்கிறோம்.

கண்ணைத் தவிர வேறு இடத்தில் இந்தக் கட்டி வந்தால், குடும்பத்தில் குடல் புற்றுநோய் உண்டா என்று கட்டாயம் கேட்க வேண்டும். மியூர்-டோரே என்ற பரம்பரைக் கோளாறு இருக்கலாம்.


மல்லிப்பந்தல்:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் ஸ்லைடுப்பெட்டி மேடம் எழுதியதைப் படித்துக் காட்டினேன், ‘பாய் மாதிரியா’ என்று இரண்டு முறை கேட்டார். இரவு இரண்டு இட்லி சாப்பிட்டார்.

பரம்பரை என்று படித்ததும் ஒரு பயம். அண்ணனுக்கு ஒரு பெண் குழந்தை. டி.எஃப்.எஸ்.பி. குழந்தைக்கு வருமா? எனக்கு வருமா? மருந்திலேயே கரைக்க முடியாதா?


ஸ்லைடுப்பெட்டி:

பயப்படாதீர்கள், இது பெற்றோரிடமிருந்து வருவதில்லை, ஒட்டிக்கொள்வதும் இல்லை. பிறந்த பிறகு, தோலில் இருக்கிற ஏதோ ஒரு செல்லில் 17ஆவது குரோமோசோமும் 22ஆவது குரோமோசோமும் உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் வருவது. 17இல் இருப்பது கொலாஜன் மரபணு. தோலுக்குக் கொலாஜன் எப்போதும் வேண்டும், அதனால் அதன் சுவிட்சு அணையாது. 22இல் இருப்பது செல்லை வளரச் சொல்கிற பி.டி.ஜி.எஃப்.-பி என்ற புரதத்தின் மரபணு, அது தேவைப்படும்போது மட்டும் வேலை செய்யும். இரண்டும் ஒட்டிவிட்டால், எப்போதும் மின்சாரம் ஓடுகிற கம்பியில் இன்னொரு விளக்கை இழுத்துக் கட்டிய மாதிரி. அந்தச் செல் தன்னை வளரச் சொல்லித் தானே ஓயாமல் கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கும். சந்தேகமான ஸ்லைடுகளில் இந்த ஒட்டைக் கண்டுபிடிக்க ஃபிஷ் என்ற பரிசோதனை செய்கிறோம்.

மருந்தும் அங்கேதான் வருகிறது. ரத்தப் புற்றுநோய்க்காக வந்த இமாட்டினிப் மாத்திரை அந்தக் கட்டளையைக் கேட்கிற வாசலை அடைக்கும். 2006இல் அமெரிக்காவில் இந்தக் கட்டிக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் அறுத்து எடுக்க முடியாதபோதும் பரவியபோதும்தான் அதற்கு வேலை. உங்கள் அண்ணனுக்கு அறுவையே சரி.


வேப்பங்கொழுந்து:

அறுவை மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, கட்டியைச் சுற்றி எவ்வளவு எடுக்கப் போகிறீர்கள்? வழக்கமாக 2 முதல் 4 செ.மீ. வரை, அடியில் தசை உறையையும் சேர்த்து எடுப்பார்கள். இன்னொன்று, மோஸ் முறை இங்கே உண்டா? அமெரிக்காவில் ஃபிரெடெரிக் மோஸ் என்பவர் 1930களில் தொடங்கிய முறை. அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வொரு அடுக்கின் ஓரம் முழுவதையும் அங்கேயே மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, மிச்சம் இருக்கிற பக்கத்தில் மட்டும் மேலே வெட்டுவார்கள். டி.எஃப்.எஸ்.பி. திரும்ப வருவது இதில் வெகுவாகக் குறைவு. எல்லா ஊரிலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால், ஓரம் சுத்தம் என்று ரிப்போர்ட் வருகிற வரை தோல் ஒட்டை வைக்காமல் காத்திருப்பார்களா என்று கேளுங்கள். ஒட்டி முடித்த பிறகு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால் எல்லாவற்றையும் கலைக்க வேண்டிவரும்.


குட்டித்திருவள்ளி:

மேடம், எப்போது மோசமாகிறது என்று ஸ்லைடில் எப்படித் தெரியும்?


ஸ்லைடுப்பெட்டி:

பாய்ப் பின்னல் மறைந்து, செல்கள் மீன்முள் வரிசையாக, நீளக் கற்றைகளாகச் சாய்ந்து நிற்கத் தொடங்கினால். பிரிகிற செல்கள் கூடும், சிடி34 அந்த இடத்தில் மங்கலாம். ஃபைப்ரோசார்க்கோமா மாற்றம் என்று எழுதுவோம். பரவுவதற்கு, முக்கியமாக நுரையீரலுக்கு, வாய்ப்பு அப்போதுதான் கூடுகிறது. கட்டியின் ஒரு மூலையில் மட்டும் இருக்கும், அதனால் பெரிய கட்டியில் நிறைய இடத்தில் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்.


மல்லிப்பந்தல்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அறுவை முடிந்தது. நீங்கள் சொன்னபடி கேட்டோம், அவர்கள் முதலில் கட்டியை மட்டும் எடுத்துப் புண்ணை மூடிக் கட்டுப் போட்டு வைத்து, எட்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்த பிறகுதான் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். எல்லா ஓரமும் சுத்தம். நெருக்கமான பக்கத்திலேயே 1.4 செ.மீ. இடைவெளி. ஃபைப்ரோசார்க்கோமா மாற்றம் இல்லை என்றும் தனியாக ஒரு வரி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆய்வகத்தில் பிளாக்கும் ஸ்லைடும் வாங்கிக்கொண்டோம். எப்படிப் பத்திரப்படுத்துவது?


மைக்ரோடோம்:

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. பிளாக் என்பது பாரஃபின் மெழுகு, வெயிலில் நிற்கிற வண்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், இளகிவிடும். ஒரு டப்பாவில் போட்டு, வீட்டில் அடுப்பு, ஜன்னல் பக்கம் இல்லாத அலமாரியில் வையுங்கள். ஸ்லைடுகளை ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றுங்கள். டப்பா மேலே பிளாக் எண்ணையும் தேதியையும் எழுதி, ரிப்போர்ட்டின் நகல் ஒன்றையும் உள்ளேயே போட்டு வையுங்கள். மை எழுத்து அழியும், பென்சிலால் எழுதுங்கள்.